ஐஸ் பீரோவில் ஊற்றிய நல்லெண்ணெய்

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் குளிரவில்லை. மருமகள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். வந்தவன் கதவைத் திறந்தான், உள்ளே கையை நீட்டினான், கதவை மூடினான். "கம்ப்ரஸர் போயிடுச்சு மேடம், மாத்தணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கையைத் துடைக்கத் துணி கேட்டான். கையில் ஒரு அழுக்கும் இல்லை. எதைத் துடைக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

"பின்னாடி பாத்தியாப்பா?" என்றேன்.

"பின்னாடி இன்னா ஆயா இருக்குது?" என்றான். அந்தப் பெட்டி வேலை செய்வதே பின்னாடிதான் என்று இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. செருப்பு ஸ்டாண்டுக்கு இடம் வேண்டுமென்று மருமகள் ஃபிரிட்ஜைச் சுவரோடு சுவராக ஒட்டித் தள்ளியிருந்தாள். அவனை அனுப்பிவிட்டு, பேரனை விட்டு ஒரு முழம் முன்னால் இழுக்கச் சொன்னேன். பின்பக்கக் கம்பிவலை முழுக்க ஒட்டடையும் தூசியும். பழைய துடைப்பத்தால் தட்டினோம். சாயங்காலம் ஐஸ் உறைந்துவிட்டது. நான் நர்ஸ் வேலை பார்த்தவள். மனுஷ உடம்போ மெஷினோ, திருப்பிப் போட்டுப் பார்க்காமல் வியாதி சொல்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

அந்தத் தூசியில் ஒரு கருகல் நெடி இருந்தது. நெடி சின்னதுதான். ஆனால் என் மூக்கு நேராகத் திருத்தணிக்கு ஓடிவிட்டது. ரெண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மலையடிவாரத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் தர்மத்துக்கென்று நடத்திய வைத்தியசாலையில் எனக்கு வேலை. தர்மம் என்றால் என்ன தர்மம் என்று கேட்காதீர்கள். பெஞ்சியில் 'உபயம்' என்று தன் பேரை எழுதிவைத்தார். தண்ணீர்ப் பானையில் எழுதினார். நோயாளி துப்புகிற பீங்கானில்கூட எழுதினார். அதில் துப்பும்போது ஜனங்களுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும்.

அவர்தான் அந்த ஐஸ் பீரோவையும் வாங்கிக் கொடுத்தார். ஊரை விட்டுப் போன ஒரு ரயில்வே துரை விற்றுவிட்டுப் போனது. ஃபிரிட்ஜ் என்ற பேர் அப்போது எங்கள் யார் வாயிலும் வரவில்லை. கரண்டில் ஓடுவது அல்ல அது. எங்கள் வைத்தியசாலைக்குக் கரண்டே கிடையாது. பீரோவின் காலடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதில் ஒரு திரி, திரிக்கு மேலே பின்பக்கமாக ஏறும் புகைக்குழாய். கீழே விளக்கு எரியும், உள்ளே குளிரும். ஊரே வந்து பார்த்துவிட்டு, "தீ வெச்சா குளிருமா? கண்கட்டு வித்தை" என்றது. எங்கள் டாக்டரும் அதையேதான் நினைத்தார். படித்தவர் என்பதால் வெளியில் சொல்லவில்லை.

அந்த டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கொஞ்சம் போதும், அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. குட்டையான மனிதர். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் சந்தைக்கே போவார். வைத்தியசாலையின் பின்கட்டுதான் அவர் வீடு. யாருக்கு எந்த வியாதி வந்தாலும் முதலில் பேதி மருந்து. அது கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பேதி மருந்து.

ஸ்டேஷனிலிருந்து கட்டை வண்டியில் படுக்கப்போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்ததில், இறக்கி வைத்த ஐஸ் பீரோ ஒரு வாரம் எரிந்தும் குளிரவே இல்லை. டாக்டர் தீயைப் பெரிசாக்கச் சொன்னார். பெரிசாக்கினால் புகைதான் வந்தது. இதற்கு நடுவில் மண்டிக்காரர் ஒரு பெயிண்டரை அனுப்பி, கதவில் சிவப்பு எனாமலில் 'உபயம்' எழுதவைத்தார். அந்தப் புத்திசாலி கதவோரத்து ரப்பரையும் விடாமல் பெயிண்ட் அடித்துவிட்டான். பெயிண்ட் காய்ந்து கதவு ஒட்டிக்கொண்டது. டாக்டர் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். கதவு திறந்தது, ரப்பர் கிழிந்தது.

கடைசியில் அரக்கோணத்திலிருந்து மஸ்தான் பாய் வந்தார். ரயில்வே ஆபீசர்கள் வீட்டு விளக்கு, ஸ்டவ், ஐஸ் பீரோ எல்லாம் அவர் கையில்தான் பிழைத்துக்கொண்டிருந்தன. முப்பது வயது இருக்கும். வந்ததும் பீரோவின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போனார், குந்தினார், குழாயைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"தலைகீழா நிக்க வையுங்க. ஒரு நாளு அப்பிடியே கெடக்கட்டும்" என்றார்.

டாக்டர் சிரித்தார். "ஏன் பாய், காலைப் புடிச்சு தட்டாமாலை சுத்தணுமா?"

"வண்டியில படுக்கப்போட்டு இட்டாந்தீங்க இல்ல? உள்ள இருக்கற தண்ணி போவக்கூடாத எடத்துல போயி நின்னுகினு இருக்குது. கவுத்தாதான் எறங்கும். நீங்க வவுத்துக்கு மருந்து குடுக்கறீங்களே, அதான் இதுவும்."

தலைகீழாகக் கவிழ்த்தோம். 'உபயம்' தலைகீழாக நின்றது. மலைக்கு மொட்டை போட வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நிமிர்த்தியதும் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பீரோ தலையில் வைத்தார் பாய். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. தரை கழுவினால் தண்ணீர் ஓடவேண்டும் என்று வாட்டம் விட்டுத் தளம் போட்டிருந்தார்கள். உடைந்த சிலேட்டுத் துண்டுகளை முன்காலுக்கு அண்டை கொடுத்துத் தண்ணீர் சமமாக நிற்கிறவரை நகர்த்தினார். கிழிந்த ரப்பருக்குப் பதில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். காகிதம் வரவில்லை. "ஆங், இப்ப புடிக்குது" என்றார்.

என்னைப் பார்த்து, "திரியை வளைவா வெட்டாதீங்க, நேரா வெட்டுங்க. தீ நீலமா எரியணும். மஞ்சளா எரிஞ்சா பொகை, பொகை வந்தா கரி, கரி அடைச்சா குளிரு போச்சு. உள்ள பனி வெரக்கடை தடிமன் ஏறினா கரைச்சுடுங்க. கத்தியால மட்டும் குத்தாதீங்க" என்றார். இவ்வளவுதான் ஐஸ் பீரோ சாஸ்திரம். அன்று சாயங்காலம் உள்ளே வைத்த குவளைத் தண்ணீர் மேலே ஏடு கட்டியது. என் வாழ்நாளில் ஒரு காரியத்தை முழுசாகத் தெரிந்து செய்த ஆம்பிளை என்று நான் பார்த்தது அந்த மனிதர் ஒருவரைத்தான்.

பீரோ குளிர்ந்ததும் டாக்டர் வீட்டுச் சாமான்கள் அதில் குடியேறின. தயிர்ச்சட்டி வந்தது. கோலி சோடா வந்தது. டாக்டரம்மாவின் மல்லிகைப் பந்து வந்தது. சாம்பார் கொதிக்கக் கொதிக்க வந்தது. சூட்டோடு உள்ளே வைத்தால் பீரோ மூச்சு வாங்கும் என்று எத்தனை தடவை சொன்னேன். "ஏம்மா, ஆற வெக்கத்தானே அதை வாங்கினது?" என்பார் டாக்டரம்மா. கோபக்காரி இல்லை, கெட்டவளும் இல்லை. ஆனால் தெரியாது என்ற சொல்லே தெரியாத பெண்மணி.

இந்தச் சாம்பாருக்கும் சோடாவுக்கும் நடுவில் ஒரு தகர டப்பாவில்தான் அம்மைப்பால் இருந்தது. பெரியம்மைக்குத் தடுப்பாகக் கையில் கீறி வைக்கிற மருந்து. பட்டணத்திலிருந்து ஐஸ் போட்ட ஃப்ளாஸ்கில் ரயிலேறி வரும். குளிர் இருக்கும்வரை அதற்கு உயிர். குளிர் போனால் அந்த வெயிலில் ரெண்டு நாள் தாங்காது. ஊரில் அம்மை குத்துகிற ஆள் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டதால், அந்த வேலையும் என் தலையில் விழுந்திருந்தது.

குத்திக்கொள்ள யார் வருவார்கள்? அம்மை என்றால் அம்மன் வீட்டுக்கு வருகிறாள் என்று அர்த்தம். வருகிற அம்மனைத் தடுக்கக் கையைக் கீறிக்கொள்வதா என்று என்னைத் திட்டாத வீடு இல்லை. அடிவாரத்தில் மொட்டை போட்டவர்கள் தலையில் தடவச் சந்தனம் அரைத்து விற்ற நாகம்மாதான் முதலில் மசிந்தாள். புருஷன் பட்டாளத்தில். மூத்த பையன் அம்மை போட்டுச் செத்தவன். மிச்சம் இருந்தது வள்ளி என்கிற மூன்று வயதுப் பெண். அந்தக் குழந்தைக்காக நான் நான்கு மாதம் அவள் கடைக்கு நடந்தேன். ஒருநாள் ரவிக்கைக் கையை மடக்கி என் தழும்பைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாது, சூடு போட்டதா?"

"அம்மை குத்தினது. எனக்குக் குழந்தையில குத்தினாங்க. எங்க தெருவுல அம்மை வந்து ஒன்பது பேரு போனாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

ரொம்ப நேரம் சந்தனக் கட்டையை உரசிக்கொண்டே இருந்தாள். "சரி நர்ஸம்மா. மாசி உற்சவம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளு புள்ளைய இட்டாறேன். உன் பேச்சை நம்பித்தான் வரேன், பாத்துக்க" என்றாள். மற்றவர்கள் அவள் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள்.

உற்சவத்தின் மூன்று நாளும் எங்களுக்கு அடிவாரத்துக் கொட்டகையில் வேலை, ராத்திரிப் படுக்கையும் அங்கேயே. வருகிற கூட்டத்துக்கெல்லாம் காலரா ஊசி. போவதற்கு முன்னால் தொட்டியை நிரப்பி, திரியை வெட்டி, தீ நீலமாக எரிகிறதா என்று பார்த்து, அதைத் தொடவேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அந்த மூன்று நாளில் கிருத்திகையும் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தேன். வாசலிலேயே கருகல் நெடி. பீரோவுக்குக் கீழிருந்து தண்ணீர் கோடாக ஓடித் தேங்கியிருந்தது. கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. விளக்கு அணைந்திருந்தது. குனிந்து தொட்டியை மோந்தேன். நல்லெண்ணெய்.

"வருஷம் பூரா அணையாம எரியற விளக்கும்மா. கிருத்திகையும் அதுவுமா அது மண்ணெண்ணெயில எரியலாமா? அதை வடிச்சு எடுத்து வெச்சுட்டு, நல்ல செக்கெண்ணெயா ஊத்தினேன்" என்றார் டாக்டரம்மா. "ஏத்தினேன், கொஞ்ச நேரம் பொகைஞ்சு மலையேறிடுச்சு. மறுபடி ஏத்தினேன், மறுபடி மலையேறிடுச்சு. சரி, சாமிக்கே இஷ்டமில்லைன்னு விட்டுட்டேன்."

"எப்பம்மா?"

"நீங்க போன அன்னிக்கே."

இந்த முருகன் மலையேறினது போதாதென்று என் விளக்கும் ஏறியிருக்கிறது. கெட்டியான எண்ணெய் அந்தத் திரியில் ஏறவே ஏறாது. புகைந்த கரி குழாயை அடைத்துக்கொண்டது. மாசி வெயிலில் மூன்று நாள். உள்ளே தயிர் பொங்கி வழிந்திருந்தது. அம்மைப்பால் டப்பாவைத் தொட்டேன். துளிக்கூடக் குளிர்ச்சி இல்லை.

டாக்டர் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அந்த மெக்கானிக் பயல் விட்ட அதே தினுசில். "சிலுசிலுன்னுதானே இருக்கு" என்றார்.

"பனி கரைஞ்ச ஈரம் சார் அது, குளிர் இல்ல. பால் பாழாயிடுச்சு. வேற வரவழைக்கணும்."

"வரவழைச்சா ஏன்னு கேப்பான். மண்டிக்காரருக்குத் தெரியும். என் சம்சாரம் எண்ணெய் ஊத்தினான்னு எழுதணுமா? நீ டாக்டரா, நான் டாக்டரா? நாளைக்கு வர்றவங்களுக்குக் குத்து."

மறுநாள் விடிந்ததும் நாகம்மா வந்துவிட்டாள். கடை போடவில்லை. வள்ளிக்குத் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, புதுப் பாவாடை கட்டிவிட்டிருந்தாள். பின்னால் அந்தத் தெருப் பெண்கள் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"மருந்து கெட்டுப்போச்சு நாகம்மா, இருபது நாள் கழிச்சு வா." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்கவேண்டும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால் அவள் திரும்ப வரமாட்டாள் என்று தோன்றியது. பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தோன்றியது. நான்கு மாதம் நடந்தது வீணாகும், என் வாய்ச்சவடால் சந்தி சிரிக்கும் என்று தோன்றியது. ஒரு துளியாவது உயிரோடு இருக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தையின் கையைப் பிடித்தேன். கீறினேன். வள்ளி அழவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் மிச்சப் பாலையெல்லாம் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். உயிர் இருக்கும் என்று நிஜமாகவே நினைத்திருந்தால் ஏன் கொட்டினேன்?

எட்டாம் நாள் கையைப் பார்க்கப் போனேன். மருந்து பிடித்திருந்தால் கொப்புளம் எழும்பும், காய்ச்சல் வரும். வள்ளியின் கை வழவழவென்று இருந்தது. நாகம்மா அந்தக் கையைத் தூக்கி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா நர்ஸம்மா? அரக்கோணத்துல குத்தின புள்ளைங்க பத்து நாளா காய்ச்சல்ல கெடக்குதுங்களாம். என் புள்ளைக்கு ஒரு பொட்டு வீக்கம் இல்ல. உன் கை ராசியான கை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்தேன். ரெஜிஸ்டரில் 'குத்தியாயிற்று' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. பங்குனிக் கடைசியில் குளத்துப் பக்கத்துத் தெருவில் அம்மை வந்தது. அது புகுந்த மூன்றாவது வீடு நாகம்மாவுடையது.

வேப்பிலை செருகிய வாசலுக்குள் யாரையும் விடவில்லை, என்னை மட்டும் விட்டாள். வாழை இலையில் கிடந்த குழந்தையின் உடம்பில் விரல் வைக்க இடமில்லை. நான் தினம் போனேன். கண்ணுக்கு மருந்து விட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குழந்தை செத்தது. எதிர்வீட்டில் தாயும் குழந்தையும் செத்தார்கள். வள்ளி பிழைத்தாள். இடது கண் வெளுத்துப் போயிற்று. வலது கண்ணில் நிழல் மட்டும் தெரிந்தது.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று நாகம்மா குழந்தையை என் முன்னால் நிறுத்தினாள். "இந்தத் தெருவுல அம்மை வந்த புள்ளைங்கள்ல உசுரு நின்னது இது ஒண்ணுதான். நீ குத்துனதாலதான் ஆத்தா உசுர வுட்டுட்டுப் போயிருக்கா. நர்ஸம்மா கால்ல வுழுடி" என்றாள். வள்ளி கையைத் துழாவி என் காலைத் தேடினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். தேடிப் பிடித்துக் கும்பிடுகிறவரை நின்றேன்.

டாக்டரை, அவர் பெண்டாட்டியை, மண்டிக்காரரை, பெயிண்டரை இத்தனை நேரம் வாய் கிழியப் பேசிவிட்டேன். அவர்களுக்குத் தெரியாது, அதனால் செய்தார்கள். டாக்டருக்குக்கூடப் பாதிதான் தெரியும். முழுசாகத் தெரிந்து செய்தவள் நான் ஒருத்தி. அந்த வருஷமே வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன். அதற்குப் பெயர் வெட்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை, பயந்தாங்கொள்ளித்தனம்.

சில வருஷங்களுக்கு முன் மகன் காரில் மலைக்குக் கூட்டிப்போனான். காரே மேலே போகிறது, படியில் கால் வைக்கவேண்டியதில்லை. வைத்தியசாலை இருந்த இடத்தில் லாட்ஜ். ஐஸ் பீரோ எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியம்மையே உலகத்தில் இல்லை என்கிறார்கள். இப்போது பிறக்கிற குழந்தைகள் கையில் அந்தப் பெரிய தழும்பு கிடையாது. அடிவாரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, சந்தனக் கடையில் இருந்தவனிடம் நாகம்மாவைப் பற்றிக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் அவனுக்கு.

"எங்க ஆயாதான். அது போயி ரொம்ப வருசம் ஆவுது. எங்கம்மாவும் போன தைல போயிடுச்சு" என்றான். அம்மா பேர் வள்ளி என்றான். பிறகு என்னை உற்றுப் பார்த்தான். "நீங்க யாருங்க? எங்கம்மாவுக்கு அம்மை குத்தி உசுரு காப்பாத்தின ஒரு நர்ஸம்மா இருந்தாங்களாம். சாவற வரைக்கும் அவங்கள சொல்லிகினே இருந்துச்சு. அவங்களா நீங்க?"

மகன் பெருமையாக என்னைப் பார்த்தான். உண்மையைக் கேட்கவேண்டிய இரண்டு பேரும் போய்விட்டார்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"ஆமாம்ப்பா" என்றேன்.